இந்த மார்கழிக்கும் பழைய லைட்ரூம்தான்

ரிச்சி தெருக் கடையில் என் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய பையன், உள்ளே படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே சொன்னான்: "மேடம், இது ஆறாவது ஜெனரேஷன். விண்டோஸ் லெவன் ஏறாது. போர்டு, ப்ராசசர், ரேம் மூணையும் மாத்துங்க. கார்டு அப்புறம் பார்க்கலாம்." நான் போனது கிராபிக்ஸ் கார்டு விலை கேட்க. கார்டு எதற்கு? போட்டோ மென்பொருளின் புதுப் பதிப்பு என் பழைய கார்டில் ஆமையாக நகர்ந்ததால். புதுப் பதிப்பு எதற்கு? கேமராவை மாற்றியதால். கேமராவை எதற்கு மாற்றினேன்? பழையது கச்சேரி நடுவில் 'டக் டக்' என்று சத்தம் போட்டதால்.

கோவணத்தை எலி கடிக்கிறதே என்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்குப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கல்யாணமும் செய்துகொண்ட சாமியார் கதையைப் பாட்டி அடிக்கடி சொல்வாள். சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மந்தைவெளி திரும்பும் வழியெல்லாம் அந்தச் சாமியார்தான் கூட வந்தார்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் கிடையாது. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சபாவில் 2010 முதல் கச்சேரிகளைப் படம் எடுக்கிறேன். சம்பளம் என்று எதுவும் இல்லை. இரண்டாவது வரிசையில் ஓர ஓரமாக ஒரு நாற்காலி, கான்டீன் டோக்கன், ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் பந்தல்காரருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் நடுவில் என் பெயர். எனக்கு அது போதும்.

படங்களைப் பொறுக்கித் திருத்த அடோபி கம்பெனியின் லைட்ரூம் மென்பொருள். முதலில் வாங்கியது லைட்ரூம் 3. அப்புறம் 5. 2015இல் 6 வந்தபோது மவுண்ட் ரோடு கடை ஒன்றில் டப்பாவோடு டிவிடி வாங்கினேன். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசி லைட்ரூம் அதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2017 அக்டோபரில் அது 'லைட்ரூம் கிளாசிக்' என்று பெயர் மாறி, சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றானது. அந்த டிசம்பரில் வந்த 6.14தான் என் பதிப்புக்குக் கடைசி அப்டேட். அதற்குப் பிறகு வந்த கேமராக்களின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்யும் மூலக் கோப்பை, அது திறக்காது. படம் எடுத்த இடத்தைக் காட்டும் மேப் பகுதியும் அடுத்த வருடமே நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் படங்கள் எல்லாம் ஒரே மேடையில் எடுத்தவை, மேப்பில் ஒரே புள்ளி.

பத்து வருடம் நிக்கான் டி750யோடு ஓட்டினேன். நல்ல கேமரா. ஆனால் ஷட்டர் சத்தம் இருக்கிறதே. பாடகர் ஆலாபனையில் கீழே இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு மந்தர ஸ்தாயியில் நிற்கும் நேரத்தில்தான் முகம் முகமாக இருக்கும். அந்த நேரத்தில் அழுத்தினால் முதல் வரிசை மாமா ஒருவர் திரும்பிப் பார்ப்பார். பேச மாட்டார். பார்ப்பார். போன சீசனில் மூன்றாம் முறை திரும்பியபோது முடிவு செய்தேன். சித்திரையில் இசட்6 இரண்டாம் மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய 85 எம்எம் லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டிக்கொள்ளலாம், மின்னணு ஷட்டரில் சத்தமே கிடையாது. (சத்தம் போனதும் வேறு வினை வந்தது. சில எல்இடி விளக்குகளுக்குக் கீழே சைலன்ட் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. ஷட்டரை நூறில் ஒரு நொடியில் வைத்தால் எங்கள் மேடையில் பட்டை போய்விடுகிறது. வயலின் வில் கொஞ்சம் கலங்கி விழும். எனக்கு அது பிடித்தும் போய்விட்டது.)

2020இல் வந்த கேமரா, 2017இல் நின்றுபோன மென்பொருள். திறக்காது என்று தெரிந்தேதான் வாங்கினேன். அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இருக்கிறது. புதுக் கேமராவின் ரா ஃபைல்களை அதில் போட்டு, செட்டிங்ஸில் 'கேமரா ரா 7.1' என்ற பொருத்தத்தைத் தேர்ந்தெடுத்தால், பழைய லைட்ரூம் சமர்த்தாகத் திறக்கும் டிஎன்ஜி என்ற பொதுவான ரா ஃபைல்களாக மாற்றித் தரும். ஒரு படி கூடுதல், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் ஓடவிட்டு, சாதம் பிசைந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும்.

அப்படியென்றால் அப்கிரேடு எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு ஆசை.

ஒன்று நாய்ஸ். சபா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 6400 வரை ஏற்றாமல் வழியில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் ரவை தூவியது போலப் புள்ளிகள். 2023 ஏப்ரலில் லைட்ரூம் கிளாசிக்கில் ஏஐ வைத்து நாய்ஸை எடுக்கும் வசதி வந்ததிலிருந்து, நண்பர்கள் போடும் 'முன்–பின்' படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று பேனர். இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சபா மேடையின் பின்பக்கம் முழுக்க வெள்ளை பேனர். நடுவில் சபா பெயர், சரஸ்வதி. சுற்றிலும் புரவலர்கள்: நகைக்கடை, பட்டுக்கடை, வங்கி, பெருங்காயம், மூட்டு வலித் தைலம். இந்தப் பெயர்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பேனருக்குத் தனியாக இரண்டு எல்இடி விளக்குகள். வித்வானின் முகத்துக்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்று, அதுவும் நெற்றியோடு சரி. ஆக ஒவ்வொரு படத்திலும் முகம் இருட்டு, பெருங்காயம் ஜெகஜ்ஜோதி. முகத்தை ஏற்றினால் பேனர் வெடிக்கிறது, பேனரை இறக்கினால் முகம் காணாமல் போகிறது. பழைய லைட்ரூமில் இதற்கு ஒரே வழி, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தலைமுடி ஓரம், காது ஜிமிக்கி, தம்புரா தண்டு என்று கோடு கோடாகப் பூசி பேனரை மட்டும் மங்கச் செய்வது. கோலம் போடுவது மாதிரி பொறுமை வேண்டும். புதிய பதிப்புகளில் 2021இலிருந்து ஒரே சொடுக்கில் ஆளைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் பிரித்துவிடலாம்.

நவராத்திரியில் ஒரு கச்சேரி எடுத்திருந்தேன். தீபாவளி போனஸும் கையில். சரி, வாங்கிவிடலாமா என்று லைட்ரூம் உட்பட மூன்று மென்பொருட்களின் ட்ரையலை இறக்கி, லீவு நாட்களில் அதே கச்சேரியின் 28 படங்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன். எது எந்த இடத்தில் சறுக்கியது என்று பெயர் சொல்ல மாட்டேன். இவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, நான் சொல்லி நீங்கள் படிப்பதற்குள் சரியாகியும் இருக்கும்.

நாய்ஸ் விஷயம் பிரமாதம். புடவைக் கரையின் ஜரிகைப் புள்ளிகள் கூட நின்றன, ரவை மட்டும் போனது. ஆனால் என்னிடம் இருக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டில் ஒரு படத்துக்கு ஏழு நிமிடம். 28 படத்துக்கு மூன்றே கால் மணி நேரம். சரி, தூங்கும்போது ஓடட்டும் என்று விட்டேன். காலையில் காபியோடு உட்கார்ந்து பழைய படத்தையும் புதுப் படத்தையும் போனுக்கு அனுப்பி, எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். 6000 பிக்சல் அகலப் படம் போனில் ஆயிரத்துச் சொச்சம் பிக்சலாகச் சுருங்கும்போது, குறுக்கே ஐந்தாறு, நெடுக்கே ஐந்தாறு என்று முப்பது பிக்சல்களின் சராசரிதான் ஒரு புள்ளியாக நிற்கிறது. ரவை அந்தச் சராசரியிலேயே கரைந்துவிடும். எங்கள் சபாவின் படங்கள் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப் குழு. மிஞ்சிப் போனால் ஆண்டு மலரில் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பு வெள்ளையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது வித்வான் வீட்டில் மாட்ட 12க்கு 18 பிரிண்ட் கேட்பார். அதிலும் மேட் பேப்பரில் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குப் படுவதில்லை. நான் இத்தனை வருடம் மானிட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வேறு யாருமே பார்க்காத ஒன்றைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

ஆளைப் பிரிக்கும் மாஸ்க் உண்மையிலேயே மாயம்தான். முதல் படத்தில் சொடுக்கியதும் பாடகி, பின்னால் தம்புரா போடும் பெண், இருவரும் அப்படியே தனியாக வந்தார்கள். வாய்விட்டு "அடடா" என்றேன். பத்தாவது படத்தில் தம்புராவின் தண்டைப் பாதியில் வெட்டி மேல்பாதியைப் பேனரோடு சேர்த்துவிட்டது. மிருதங்கத்தை ஆளாக எடுத்துக்கொண்டது, மைக் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டது, கடம் வாசிப்பவரின் கையை விட்டுவிட்டது. திருத்துவதற்குப் படத்துக்கு அரை நிமிடம். பிரஷ்ஷில் மூன்று நிமிடம் ஆகும் வேலைக்கு அரை நிமிடம் என்றால் லாபம்தானே. மறுக்கவில்லை.

நடுவில் ஒரு கூத்து. சபா செயலாளர் மாமா ஏதோ லிஸ்ட் கொடுக்க வீட்டுக்கு வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, எல்லாப் படத்துலயும் அந்த மைக் வாயை மறைச்சுண்டு நிக்கறதே, அதை எடுத்துட முடியுமோ? பேப்பர்ல எல்லாம் ஏஐ ஏஐங்கறாளே." முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆர்வக் கோளாறு. மைக்கைச் சுற்றிக் கோடு போட்டு அழிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூன்று வாய்களைத் தந்தது, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று. மூன்றும் நல்ல வாய்கள். வரிசையான பற்கள். அந்தப் பாடகிக்கு முன்பல் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி இருக்கும். உச்ச ஸ்தாயியில் வாயை ஒரு பக்கமாகக் கோணித் திறப்பார். பதினைந்து வருடமாகப் பார்த்த முகம். மைக்குக்குப் பின்னால் மறைந்திருப்பதை எந்த மென்பொருளாலும் எப்படிப் பார்க்க முடியும்? பொதுவாக வாய் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றைப் போட்டிருக்கிறது. மாமாவுக்கோ பரம திருப்தி. "இதையே அனுப்பிடும்மா." அனுப்பவில்லை. அவர் கிளம்பியதும் அழித்துவிட்டேன். மைக்கோடு இருக்கும் படத்தைத்தான் அனுப்பினேன், அவரும் அப்புறம் கேட்கவில்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். மார்கழிக்கு மட்டும் இரண்டு மாதம் சந்தா கட்டிவிட்டு நிறுத்திவிடலாம் என்பது என் முதல் திட்டம். அடோபியின் போட்டோகிராபி திட்டம் ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணையாகக் கட்டினாலும் அப்படித்தான். நடுவில் விட்டால் அதற்கொரு கட்டணம். கிளவுடில் 20 ஜிபி இடம் தரும் சின்னத் திட்டத்தை 2025 ஜனவரியோடு புதிதாகச் சேருபவர்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது சேர்ந்தால் 1 டிபி திட்டம். எனக்கு அந்த கிளவுடில் இடமே வேண்டாம், என் ஹார்ட் டிஸ்க்குகள் பீரோவில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன.

"கட்டறதை நிறுத்தினா நம்ம படமெல்லாம் போயிடுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். போகாது. ரா ஃபைல்கள் நம் டிஸ்கில் இருக்கும். சந்தா முடிந்தாலும் லைட்ரூம் கிளாசிக்கைத் திறந்து படங்களைத் தேடலாம், பார்க்கலாம், ஜேபெக்காக எடுக்கலாம். படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி, மேப் இரண்டும்தான் பூட்டிக்கொள்ளும். என் பயம் வேறு. லைட்ரூம் படத்தைத் தொடுவதே இல்லை. தையல்காரர் துணியை வெட்டாமல் சாக்பீஸில் கோடு மட்டும் போட்டு வைப்பதுபோல, இங்கே வெளிச்சம் ஏற்று, அங்கே நிழல் குறை என்ற குறிப்புகளைத் தன் கேட்டலாகில் எழுதி வைக்கிறது. பதினைந்து வருடக் குறிப்புகள். அந்தக் கையெழுத்தை இன்னொரு கடைக்காரரால் முழுசாகப் படிக்க முடியாது. புதுப் பதிப்பு படிக்கும், ஆனால் கேட்டலாகைத் தன் முறைக்கு ஒரு நகல் எடுத்து மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த நகலில் செய்யும் வேலை எதுவும் பழைய பதிப்புக்குத் திரும்பாது. ஒருவழிப் பாதை.

எனக்கு இதில் ஏற்கெனவே சூடு உண்டு. 3இலிருந்து 5க்குப் போனபோது, திரையில் ஒரு சின்னக் குறி வந்தது. புதிய செயல்முறைக்கு மாற்றவா என்று கேட்பது அது. என் அவசரம், ஒரு முழு சீசனையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆம் என்று அழுத்தினேன். 2012ஆம் வருடச் செயல்முறை நிழலையும் வெளிச்சத்தையும் வேறு விதமாகக் கணக்குப் போடும். 2011 மார்கழி முழுவதும் ஒரே ராத்திரியில் வேறு நிறமானது. ஒவ்வொன்றாகத் திருப்பப் பங்குனி வரை ஆயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து என் பையன் போனில், "ஏம்மா காசு கொடுக்கற? டார்க்டேபிள் போடு, ஃப்ரீ. அஃபினிட்டியும் இப்போ ஃப்ரீ ஆயிடுச்சு" என்கிறான். உண்மைதான், அஃபினிட்டி 2025 அக்டோபர் கடைசியில் இலவசமானது. அது போட்டோஷாப்புக்கு மாற்று. ஒரு படத்தை உட்கார்ந்து செதுக்குகிறவர்களுக்கு. ஒரு ராத்திரியில் 340 படம் கொண்டுவந்து கொட்டுகிறவளுக்கு அல்ல. டார்க்டேபிளை ஒரு ஞாயிறு முழுக்கத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. ஒரே வேலைக்கு நாலு கருவி, நாலுக்கும் விளக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை புதுப் பதிப்பும் தருகிறார்கள். ரிட்டயர் ஆன பிறகு முறையாகக் கற்றுக்கொள்ளலாம். டிசம்பர் வாசலில் நிற்கும்போது புது வாத்தியம் கற்றுக்கொண்டு மேடை ஏற முடியாது.

கடைசியில் கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்தது. அதே 28 படங்களை ஒரு முறை பழைய லைட்ரூமிலேயே செய்து, எதற்கு எவ்வளவு நேரம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். 340இலிருந்து பொறுக்க 35 நிமிடம். நிறம், வெளிச்சம் ஒரு படத்தில் சரிசெய்து மற்றவற்றுக்குப் பரப்ப 15. ஏற்றுமதி செய்து குழுவில் போட 10. பேனரை மங்கச் செய்ய 84.

84 நிமிடம். மொத்தம் 144இல். ஒரு சீசனின் பதினெட்டு ராத்திரிக்குப் பெருக்கினால் இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் பெருங்காயத்துக்கும் தைலத்துக்கும் பிரஷ் பிடித்திருக்கிறேன். இதைக் குறைக்கத்தான் சந்தா, அதற்கு கார்டு, அதற்கு போர்டு, ப்ராசசர், ரேம். விளக்கை அணைத்தால் என்ன என்று இந்தப் பதினைந்து வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துகொண்டேன். கம்ப்யூட்டரை மாற்றும் அன்றைக்கு மென்பொருளையும் சேர்த்தே பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். போனஸில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி கேட்டலாகுக்கு இன்னொரு நகல் எடுத்தேன். மீதி பணத்துக்கு வீட்டுக்காரர் புது மிக்சி வாங்கச் சொன்னார். அதுவும் நியாயம்தான், பழையது டி750யைவிட அதிகச் சத்தம்.

போன ஞாயிறு காலண்டர் தாளோடு சபாவுக்குப் போனேன். செயலாளர் மாமா கான்டீன் டெண்டர் விஷயமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டி, பேனருக்கு அடிக்கும் இரண்டு விளக்கையும் கச்சேரி நேரத்தில் அணைக்க முடியுமா என்று கேட்டேன். இடைவேளையிலும் நன்றியுரையிலும் போட்டுக்கொள்ளலாமே. மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை இரண்டு தடவை படித்தார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். இடது பக்கத்து விளக்கை உடனே அணைத்துப் பார்த்தோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமராவில் எலக்ட்ரீஷியனை மேடையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். முகம் தெரிந்தது. பிரஷ் தேவைப்படவில்லை.

"சரி, இதை அணைச்சுக்கலாம்" என்றார் மாமா. வலது பக்கத்தைக் கேட்டேன். அந்தப் பக்கம்தான் பெருங்காயம். ஒப்பந்தத்திலேயே விளக்கு போட்டிருக்கிறதாம்.